கிளிப் இல்லாத கிளிப்

மொழிபெயர்ப்பில் இருபது ஆண்டுகள் காலம் தள்ளியவனுக்கு ஒரு பாடமாவது மனதில் நின்றிருக்க வேண்டும்: பெயரை நம்பாதே, பொருளைப் பார். நான் மறந்தேன். விலை, வலது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

காரணம் ஒரு சைக்கிள் பெடல். மலைப் பாதைகளில் ஓட்டும் சைக்கிள்களுக்கானது. ஆங்கிலத்தில் 'கிளிப்லெஸ்' என்பார்கள். கிளிப் அற்றது. அப்படியென்றால் கால் சுதந்திரமாக இருக்கும் என்றுதானே தோன்றும்? உண்மை நேர் எதிர். ஷூவின் அடியில் திருகப்பட்ட 'கிளீட்' என்ற சிறு உலோகத் துண்டு, பெடலில் உள்ள ஸ்பிரிங்கில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும்.

பிறகு ஏன் இந்தப் பெயர்? பழைய பந்தய சைக்கிள்களில் கால்விரல்களை ஒரு கம்பிக் கூண்டுக்குள் நுழைத்து, தோல்வாரால் இறுக்குவார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். 1984ல் பிரான்ஸின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் கட்டையில் காலணியைப் பூட்டும் உத்தியை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடல்களை மிதித்து டூர் தெ பிரான்ஸை வென்றார். கூண்டு போயிற்று, கூண்டு போன செய்தி மட்டும் பெயராக நின்றுவிட்டது.

அவை சாலைக்கானவை. கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நடந்தால் வழுக்கும். மலையிலோ பாதி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். 1990ல் ஜப்பானின் ஷிமானோ இதற்கு வழி கண்டது. இரண்டே திருகில் நிற்கும் சின்ன கிளீட், ரப்பர் அடிப்பாகத்துக்குள் பதுங்கியிருக்கும். எஸ்.பி.டி. என்ற அந்த ஏற்பாடுதான் இன்றும் மலை சைக்கிள்களில் பரவலாக இருக்கிறது.

சென்ற ஆண்டு சிம்லாவுக்கு மேலே தேவதாரு மரங்களுக்கிடையே ஒரு பாதை. நண்பரின் சைக்கிள், நண்பரின் ஷூ. ஏற்றத்தில் அற்புதம். கல்லும் வேரும் தூக்கிப்போட்டாலும் கால் பெடலைவிட்டு அகலவில்லை. டீக்கடை வந்தது. பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது. கால் வரவில்லை. வெட்டிய வாழைமரம் போலப் பக்கவாட்டில் சாய்ந்தேன். வேகம் பூஜ்யம். ஊன்றிய கை முறிந்தது.

"ஸ்பிரிங்கைத் தளர்த்திக் கொடுக்க மறந்துட்டேன் சார்" என்றார் நண்பர். அவர் பந்தயக்காரர், இறுக்கி வைத்திருந்தார். ஒரு சிறு திருகைச் சில சுற்றுகள் திருப்பியிருந்தால் போதும். தட்டச்சில் பிழைப்பவனுக்கு அந்தச் சில சுற்றுகள் ஒன்றரை மாத வருமானம்.

கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வாங்கப்போகிறவர்கள் கால் எப்படி மாட்டும் என்று கேட்கிறார்கள். எப்படி விடும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற பெடல் புதியவர்களுக்கு நல்லது. குறைந்தபட்ச இறுக்கத்தில் ஆரம்பியுங்கள். கிளீட்டிலும் வகை உண்டு. ஷிமானோவின் வழக்கமான கிளீட், குதிகாலைத் திருப்பினால்தான் விடும். பல திசை கிளீட், பதற்றத்தில் காலைச் சாய்த்து இழுத்தாலும் விட்டுவிடும். பதறுவோம் என்பது நிச்சயம் என்பதால் இரண்டாவதே மேல்.

அடுத்தது சேறு. மழைக்காலத்தில் ஓட்டுகிறவர்கள் கிராங்க் பிரதர்ஸின் 'எக் பீட்டர்' பெடலை விரும்புகிறார்கள். முட்டை அடிக்கும் கருவி போன்ற வடிவம். நான்கு பக்கமும் மாட்டலாம். சேறு தங்க இடம் குறைவு. ஆனால் இறுக்கத்தை மாற்றும் திருகு கிடையாது. பித்தளை கிளீட் சீக்கிரம் தேயும். அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். கரடுமுரடான இறக்கங்களில் இறங்குகிறவர்களுக்கு, பூட்டைச் சுற்றி அகலமான சட்டம் உள்ள பெடல் உதவும். மாட்டத் தவறினாலும் காலுக்கு ஊன்ற இடம் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள், பூட்டிய பிறகும் பாதம் சில டிகிரி அசைய இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கிளீட் இன்னொன்றின் பெடலில் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

பூட்டியே ஆகவேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில், சிறு ஆணிகள் பதித்த சாதாரண தட்டைப் பெடலிலேயே உலக சாம்பியன் ஆனவர். 2017, 2018, 2019 மூன்று ஆண்டுகளும் என்டியூரோ உலகத் தொடரை வென்றதும் அப்படித்தான். பூட்டிக்கொள்ளாதவரைக் கற்றுக்குட்டி என்று நினைக்கும் கடைக்காரரிடம் இதைச் சொல்லலாம்.

கட்டு அவிழ்ந்த பிறகு நானும் ஒரு ஜோடி வாங்கினேன். சட்டம் உள்ளது, பல திசை கிளீட், மிகக் குறைந்த இறுக்கம். ஒரு வாரம் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பயிற்சி. பிறகு புல்தரை. அதன் பிறகே பாதை. நிற்பதற்கு முன்பே ஒரு காலை விடுவித்துவிடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது.

ஒரு பாக்கி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டுக் கட்டுரையை மொழிபெயர்த்தபோது, இதற்கு 'கிளிப் இல்லாப் பெடல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனவன் நான். அகராதிப்படி சரி. அதை நம்பி யாராவது கால் வைத்திருந்தால்? இனி 'பூட்டுப் பெடல்' என்றே எழுதப்போகிறேன். பூட்டு என்று சொன்னால், சாவி எங்கே என்று யாராவது கேட்பார்கள் அல்லவா?