கோணல் மனை

உணவு, உடை, உறையுள் என மக்களுக்கு இன்றியமையாதனவாகிய மூன்றனுள், உறையுளே இந்நாளிற் பெறுதற்கு அரிதாயிற்று. நிலம் வாய்த்தவர்க்கும் அது நேராக வாய்ப்பது அரிது. ஒரு புறம் குறுகி மறுபுறம் அகன்ற மனையைக் கண்டவுடன் நம்மவர் முகஞ் சுளிப்பர். கோணல் மனையென்று ஒதுக்குவர். அன்றேல் எவ்வாற்றானும் அதனைச் சதுரமாக்க முயல்வர். இவ்விரண்டும் தவறென்பதே என் கருத்து.

என் பாட்டனார் நிலம் பங்கிடப்பட்டபொழுது என் தந்தையார்க்குக் கிடைத்த மனை இத்தகையதே. தெருப்பக்கம் 20 அடி; அதற்கு இணையான பின்பக்கம் 50 அடி; இடப்பக்கம் நேராக 40 அடி; வலப்பக்கம் ஒரு வாய்க்காலை ஒட்டிச் சாய்ந்து 50 அடி. மனை பார்க்க வந்த ஒருவர், முன் குறுகிப் பின் அகன்றமையின் இது கோமுகம் எனப் புகழ்ந்தார். மற்றொருவரோ மூலை குறைந்தது என்று அஞ்சுவித்தார். கிறிஸ்தவக் குடும்பத்தினராயினும் இவ்வச்சம் எம்மையும் விட்டபாடில்லை. இருவர் சொல்லுக்கும் இடையே ஏழாண்டுகள் கழிந்தன. தம் மகன் கட்டும் வீட்டில் ஒரு நாளேனும் உறங்க விரும்பிய என் பாட்டியார் வாடகை வீட்டிலேயே காலமானார்.

நிலத்தின் மேல் நாம் ஏற்றும் குற்றம் பெரும்பாலும் நம் கணக்கின் குற்றமே. யாம் வகுப்பிற் பயிலும் நெடுநல்வாடையில், நண்பகலில் இரு கோல்களின் நிழலால் திசையறிந்து, நுட்பமாகக் கயிறிட்டு, அரண்மனைக்கு இடம் வகுத்தமை கூறப்படுகின்றது. நம்மவரோ எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அப்பாதிகளைப் பெருக்கிப் பரப்புக் காண்பர். எம் மனைக்கு அவ்வாறு 35-ஐ 45-ஆற் பெருக்கி 1,575 சதுர அடி என்று எழுதிவிட்டனர். உண்மைப் பரப்போ 35-ஐ 40-ஆற் பெருக்கிய 1,400 சதுர அடியே. எஞ்சிய 175 சதுர அடி தாளில் மட்டும் உள்ள நிலம்! இக்கணக்கு நீள்சதுரத்துக்கே பொருந்தும். பிற நாற்கோண வடிவங்களுக்கு மிகுத்தே காட்டும். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, மனையை இரு முக்கோணங்களாக்கி அளப்பதே முறை.

குறைந்த மூலையை நிரப்ப அயலார் கூறிய வழி யாது? “நீரோடாத வாய்க்கால்தானே, சுவரைச் சிறிது தள்ளிக் கட்டுக” என்பதே. இவ்வறிவுரையைக் காட்டிலும் தீயது வேறில்லை. மனையின் கோணல் காரணமின்றி வருவதன்று. நீர் சென்ற வழியும், மக்கள் நடந்த பாதையும், அயலான் எல்லையுமே அதனை வகுத்தன. 2015-ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையிற் புகுந்த வெள்ளத்தின் கொடுமையை, நீர்வழிகளிலும் ஏரிகளிலும் எழுந்த கட்டடங்கள் மிகுவித்தன. மனையை நேராக்கும் பொருட்டு மனத்தைக் கோணலாக்குதல் முறையாகுமோ?

ஆயின் செய்யத்தக்கது என்னை? நிலத்தை வீட்டுக்கு இசைவிக்க முயலாது, வீட்டை நிலத்துக்கு இசைவித்தலே. எம் மனையில், முன்பக்கத்து வலமூலையினின்று பின்பக்கத்துக்கு நேர்க்கோடு இழுப்பின், இடப்புறம் 20 அடிக்கு 40 அடியான நீள்சதுரம் கிடைக்கும். காற்றுக்கு இடம் விட்டு அறைகளை அங்கே அமைக்கலாம். வலப்புறம் எஞ்சும் முக்கோணத்தின் பக்கங்கள் 30, 40, 50 அடி. கொத்தனார் மூலைமட்டம் பார்க்கக் கயிற்றில் அளக்கும் 3, 4, 5 என்னும் விகிதமே அது! அங்கே கிணறும், துவைக்கும் கல்லும், முருங்கையும், வாழையும் இருக்கட்டும். மரத்துக்குச் செங்கோணம் வேண்டுவதில்லை.

பிற நாட்டாரும் இவ்வாறே செய்தனர். நியூயார்க்கில் இரு தெருக்கள் சாய்ந்து கூடும் முக்கோண மனையில், டேனியல் பர்னாம் என்னும் சிற்பி வகுத்த பிளாட்டயர்ன் கட்டடம் 1902-இல் முடிவுற்றது. அதன் கூர்முனை ஏறத்தாழ 6½ அடி அகலமே. எனினும் இன்றும் நிற்கின்றது. ஜப்பானில் ஒசாகா நகரத்துச் சுமியோஷியில், நெருக்கமான வீடுகளிடையே ஓர் ஒடுங்கிய மனையில், தடாவோ ஆண்டோ 1976-இல் ஒரு வீடு கட்டினார். இடமின்மை கண்டும் அவர் மனையின் நடுவே மூன்றில் ஒரு பங்கை வானம் பார்த்த முற்றமாக விட்டார்.

கோணல் மனையிற் செலவு மிகும் என்பாரும் உளர். அது மெய்யே. எம் மனைக்குச் சுற்றுச்சுவர் 160 அடி வேண்டும். அதே பரப்புள்ள சதுர மனைக்கு ஏறத்தாழ 150 அடி போதும். அப்பத்தடிச் சுவரின் செலவு, ஏழாண்டு வாடகையினும் சிறிதன்றோ?

வருகின்ற கோடை விடுமுறையிற் கடைகால் தோண்ட என் தந்தையார் இசைந்துள்ளார். சுவர் எம் எல்லைக்கு உள்ளேயே நிற்கும். வாய்க்கால் வாய்க்காலாகவே இருக்கும். நண்பர்களே, உங்கட்கும் இத்தகைய மனை வாய்க்குமாயின், குறி கேட்கச் செல்லுமுன் கயிறெடுத்து அளந்து பாருங்கள். முதியோர் வீட்டிலிருக்கும்பொழுதே கட்டத் தொடங்குங்கள்.