ஓனரம்மா

கட்டபெட்டில் ஓனர் என்றால் பட்டாவில் பெயர் இருப்பவர். எந்தச் செடி கவாத்துக்கு வந்திருக்கிறது, மழை பிடித்தால் எந்தச் சரிவில் முதலில் கொப்புள நோய் விழும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது தெரிந்தவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். வழக்கப்படி நிலம் மகன்களுக்கே போகிறது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பங்கு உண்டு என்றன. பங்கு கேட்ட மகளுக்கு அண்ணன் வீட்டு விசேஷத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்று இந்த மலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

மென்பொருள் துறையில் இது தலைகீழ். அங்கே ஓனர் என்ற பெயரைப் பெண்ணுக்குத் தாராளமாகத் தருகிறார்கள். நிலத்தைத்தான் தருவதில்லை.

நான் ஒரு நிறுவனத்தில் பிராடக்ட் ஓனர். இந்த ஊரில் இருந்தபடியே வேலை செய்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மென்பொருளை இரண்டு வருடம் கட்டிவிட்டுக் கடைசியில் திறந்து காட்டாமல், இரண்டு மூன்று வாரத் தவணைகளாகச் செய்து காட்டி, திருத்திக்கொண்டே போவது அஜைல் வழி. அதில் பரவலான முறை ஸ்க்ரம். தவணைக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசைக்குப் பேக்லாக் என்று பெயர். அந்த வரிசைக்குப் பொறுப்பானவர் பிராடக்ட் ஓனர். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 2010இல் முதலில் வெளியிட்டு 2020இல் திருத்திய கையேடு இதில் தெளிவாகவே இருக்கிறது. அவர் ஒரு தனி ஆள், குழு அல்ல. அவருடைய முடிவை நிறுவனம் முழுவதும் மதிக்க வேண்டும். அர்த்தமிழந்துபோன ஸ்பிரின்ட்டை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு.

நடப்பு வேறு. தேதியை வேறு யாரோ வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வருவார்கள். வரிசை எனக்கு வாட்ஸப்பில் வரும். நான் அதை அழகாகத் தட்டச்சு செய்து பேக்லாக்கில் ஏற்ற வேண்டும். பிறகு, ஏன் முடியவில்லை என்று மேலே உள்ளவர்களுக்கும், ஏன் இவ்வளவு அவசரம் என்று கீழே உள்ளவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். யார் முகமும் கோணாமல் பார்த்துக்கொள்வது உத்தியோகமாகிவிடுகிறது. எந்த வீட்டிலும் சம்பளமில்லாமல் நடக்கிற அதே வேலைதான். தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஓனரம்மா. வாடகையை வாங்கி வைப்பவர், மோட்டார் போடுபவர், மாடி வீட்டுச் சண்டையைத் தீர்ப்பவர். வாடகையை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்பவர் அல்ல.

‘பெண்களுக்குப் பொறுமை அதிகம், மற்றவர் தேவையைப் புரிந்துகொள்வார்கள், அதனால் இந்தப் பதவி பொருந்தும்’ என்று பாராட்டுகிறார்கள். இந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். பிராடக்ட் ஓனருக்கு முதலில் தேவை ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை. பொறுமை அதற்கு மாற்று ஆகாது. அஜைல் கொள்கை அறிக்கையை 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலை விடுதி ஒன்றில் கூடி எழுதியவர்கள் 17 பேர். அத்தனை பேரும் ஆண்கள். வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள் என்று அவர்கள் சொன்னது நல்ல சொல்தான். அந்த வாடிக்கையாளர் யார் என்பதுதான் என் கேள்வி.

பேக்லாக்கில் ஒவ்வொரு தேவையையும் ஒரு சிறு கதையாக எழுதும் வழக்கம் உண்டு. ‘ஒரு விவசாயியாக, எனக்கு இன்னது வேண்டும், இன்ன காரணத்துக்காக.’ கதை முழுவதும் தன்மையில் இருக்கும். எழுதுகிறவர் ஒருவர், அதில் பேசும் ‘நான்’ வேறொருவர். விவசாயி என்ற சொல்லுக்குத் தமிழிலும் பால் இல்லை, தன்மை வினைக்கும் இல்லை. ஆனால் அடுத்த திரையில் சர்வே எண் கேட்டவுடன் அந்த ‘நான்’ ஆணாகிவிடுகிறார். 2019இல் வந்த பிஎம் கிசான் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் தன் பெயரில் இருப்பவருக்கு. கொழுந்து பறிக்கிறவள் அந்தப் படிவத்துக்குள் நுழையவே முடியாது. படிவம் வரும்போது அவளுக்காக யாரும் ‘நான்’ என்று எழுதியிருக்கவில்லை.

இன்னும் மோசமானது நூறு நாள் வேலைக்கான வருகைச் செயலி. 2021இல் சோதனையாக வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை, இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஒதுக்கிய வேலையைக் காலையிலேயே முடித்தாலும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு? மலைச்சரிவில் சிக்னலுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் போராட்டம் நடத்தியபோது வைத்த கோரிக்கைகளில் இந்தச் செயலியை நீக்குவதும் ஒன்று. கூலிக்காரப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து செய்ததுதான் உண்மையான பேக்லாக் திருத்தம். அதிகாரத்தோடு ஒரு பிராடக்ட் ஓனர் அங்கே இருந்து, பத்து நாள் பணித்தளத்தில் நின்று பார்த்திருந்தால், அந்த இரண்டாவது படம் முதல் ஸ்பிரின்ட்டிலேயே விழுந்திருக்கும்.

‘தொழில்நுட்பத்தில் பெண்கள் இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டார்கள்’ என்று இதற்குப் பதில் சொல்கிறார்கள். பெண் பெயருள்ள ஓனர் ஒருத்தி, தன் பெயரில் நிலமில்லாத இன்னொருத்தியைப் படிவத்திலிருந்து தள்ளும் வேலையைச் செய்து கொடுப்பதை நான் முன்னேற்றக் கணக்கில் எழுத மாட்டேன்.

ஒருமுறை, ஸ்பிரின்ட் முடிவில் மென்பொருளைக் காட்டும் கூட்டத்துக்குப் பறிக்கிற பெண்கள் இருவரை அழைக்கலாம், அன்றைய கூலியை நிறுவனம் கொடுக்கட்டும் என்று கேட்டேன். அதற்குப் பட்ஜெட் இல்லை என்றார்கள். ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டேன். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தப் பதவி உங்களுக்கு வந்தால், சம்பளத்துக்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். என்னைத் தாண்டி வரிசையை மாற்ற யாருக்கு உரிமை உண்டு? தேதி கொடுக்கும் கூட்டத்தில் எனக்கு இடம் உண்டா? இதைப் பயன்படுத்தப் போகிற பெண்ணை அவள் வேலை செய்யும் இடத்தில், அவள் கூலி போகாமல், நான் எத்தனை நாள் சந்திக்கலாம்? மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து மறுபடியும் கேளுங்கள்.