கிணத்துல முங்கினவனுக்கு மலை ஏரி ஸ்கூபா ஜுஜுபியா? (நீண்ட இழை)

1/ "கிணத்துல குதிச்சு வளர்ந்தவனுக்கு ஸ்கூபா எல்லாம் ஜுஜுபி டாக்டர். பாண்டிச்சேரி கடல்ல போட்டாச்சு, அடுத்து மலை ஏரிதான்." களமருதூர், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி பக்கம் இந்தப் பேச்சு இப்ப நிறையக் காதுல விழுது. ரீல்ஸ் பார்த்து வர்ற ஆசை. ஆசை தப்பில்ல. அந்த "ஜுஜுபி"தான் தப்பு. பொறுமையா படிங்க மக்களே.

2/ முதல்ல கிணத்துக் கதை. மேல நின்னு மூச்சை இழுத்து, அடக்கி, முங்குறோம். கீழ போகப் போக தண்ணி அழுத்தத்துல நுரையீரல் காத்து சுருங்கும். மேல வந்தா பழைய அளவுக்கே திரும்பும். அதுக்கு மேல விரியாது. அதனால கிணத்துல மூச்சடக்குறது திறமை.

3/ ஸ்கூபாவுல அதே திறமைதான் ஆளைக் கொல்லும். சிலிண்டர், ஆழத்துல இருக்கிற அழுத்தத்துக்கே காத்தைக் கொடுக்கும். கடல்ல 10 மீட்டர் ஆழத்துல 5 லிட்டர் இழுத்து அடக்கிட்டு மேல வந்தா, அது 10 லிட்டர் ஆகப் பார்க்கும். நுரையீரல்ல அவ்வளவு இடம் கிடையாது. கிழியும். காத்துக்குமிழி ரத்தத்துல கலந்து மூளைக்குப் போனா பக்கவாதம், மயக்கம், மரணம்.

4/ இது ஆழத்துல போறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. கடைசி சில மீட்டர்லதான் காத்து வேகமா விரியும். நீச்சல் குளத்து ஆழமே போதும். அதான் ஸ்கூபாவோட முதல் விதி: மூச்சை எப்பவும் அடக்காதே. நம்ம பசங்க சின்ன வயசுலேர்ந்து பழகினது இதுக்கு நேர் எதிர்.

5/ இப்ப குளிருக்கு வாங்க. குளிர்ந்த தண்ணி திடீர்னு மேல பட்டா உடம்பு நம்மைக் கேட்காமலே மூச்சை வாரி இழுக்கும். இதயம் படபடக்கும், பிரஷர் ஏறும், மூச்சு தாறுமாறா ஓடும். முதல் ஒரு நிமிஷம்தான் ரொம்ப மோசம். இதுக்குப் பனிக்கட்டித் தண்ணி தேவையில்ல. 25 டிகிரிக்குக் கீழ போனாலே ஆரம்பிக்கும், 15-க்குக் கீழ பயங்கரமா இருக்கும்.

6/ சேர்த்துப் பாருங்க. குளிர் அதிர்ச்சியில மூச்சு திணறுது. பயம் வருது. பயத்துல மனுஷன் புதுசாப் படிச்சதை மறந்துட்டு பழசைத்தான் செய்வான். கிணத்துப் பழக்கப்படி மூச்சை அடக்கி, காலை உதைச்சு, மேல பாய்வான். நான் பயப்படுறது இந்தச் சங்கிலிக்குத்தான். தைரியம் இருக்கிறவனுக்கும் இது நடக்கும்.

7/ அடுத்தது உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குதான். அதனால அந்த உயரத்துல ஒரு ஏரியில 18 மீட்டர் இறங்கினா, கடல் கணக்குல அது சுமார் 23 மீட்டர். கடல்ல பத்திரமா இருந்த அதே நேரம், அதே ஆழம், மேல பத்திரம் கிடையாது.

8/ காரணம் நைட்ரஜன். அழுத்தத்துல அது ரத்தத்துலயும் கொழுப்புலயும் கரையும். மெதுவா மேல வந்தா மூச்சுல வெளியேறும். வெளி அழுத்தம் ரொம்பக் குறைஞ்சா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளயே குமிழியாகும். கடைசியில குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கிட்டா அந்த நைட்ரஜன் வெளியேறவும் லேட் ஆகும். உயரமும் குளிரும் கூட்டணி போடுற இடம் மலை ஏரி.

9/ "அதுக்குத்தான் கையில டைவ் கம்ப்யூட்டர் கட்டுறோமே?" அதுலயே பலதுக்குள்ள ஓடுற கணக்கு சூரிச் டாக்டர் ஆல்பர்ட் பூல்மன் போட்டது. சுவிட்சர்லாந்து மலை ஏரிகள்ல இறங்குறவங்களுக்குக் கடல் அட்டவணை பொருந்தாதுனு அவர் தனிக்கணக்கு போட்டார். 1968-ல குஸ்தோ குழு 3,800 மீட்டர் உயர டிடிகாகா ஏரியில இறங்குச்சு. அதாவது மலை ஏரி டைவிங் முடியாத காரியம் இல்ல. செஞ்சவங்க யாரும் அதை ஜுஜுபினு நினைக்கல, அவ்வளவுதான்.

10/ பொதுவா 300 மீட்டருக்கு மேல இருந்தாலே அது "உயர டைவ்". தனிப் பயிற்சி வேணும். சில கம்ப்யூட்டர் தானா மாறிக்கும், சிலதுல நாம மாத்தணும். சமவெளியிலேர்ந்து கார்ல ஏறின உடனே குதிக்கவும் கூடாது. அமெரிக்கக் கடற்படை, உடம்பு அந்த உயரத்துக்குப் பழக 12 மணி நேரம் கணக்கு வைக்குது. நம்மாளு கொண்டை ஊசி வளைவு முடிஞ்சு டீ குடிச்ச கையோட இறங்கணும்ங்கிறான்.

11/ "நான் மலை ஏரியில டைவ் பண்ணப் போறதில்லயே"னு தப்பிக்காதீங்க. இது உங்களுக்கும்தான். சனிக்கிழமை பாண்டிச்சேரியில ஸ்கூபா, அன்னிக்கு ராத்திரியே கல்வராயன் மலை, காலையில கரியாலூர் போட்டிங், மேகம் அருவி. நம்ம ஊர்க்காரங்களுக்கு ரெண்டும் பக்கம். வீக் எண்ட் பிளான் சூப்பர். வரிசைதான் தலைகீழ்.

12/ டைவ் பண்ணினவங்க உடனே விமானம் ஏறக்கூடாதுனு எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு சாதாரண டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் காத்திருக்கணும். அந்த விதி 2,000 அடிக்கு மேல மலை ஏறுறதுக்கும் பொருந்தும். கல்வராயன் மலை ஊர்கள் பல அதுக்கு மேலதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கொடைக்கானல் போறது விமானத்துக்குள்ள உட்கார்ற மாதிரிதான், அழுத்தக் கணக்குல.

13/ "6 மீட்டர்ல மீன் பார்த்ததுக்கு இவ்வளவு பில்டப்பா?" நேர்மையாவே சொல்றேன், ஒரே ஒரு ஆழமில்லாத டைவ்ல ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா சைபர் இல்ல. காசு செலவில்லாம அதைத் தவிர்க்க முடியும். பிளானைத் திருப்பிப் போடுங்க. மலை முதல்ல, கடல் அப்புறம்.

14/ மூட்டு வலி, மரத்துப்போறது, கால் பலம் குறையறது, தலைசுத்தல், சிறுநீர் பிரியாம இருக்கிறது: டைவ் பண்ணி ஒரு நாளுக்குள்ள இதுல எது வந்தாலும் "வாயு", "பயணக் களைப்பு"னு தைலம் தேய்ச்சுப் படுக்காதீங்க. 108. முகமூடியில ஆக்சிஜன். மேற்கொண்டு மலை ஏறக்கூடாது. டாக்டர்கிட்ட முதல் வாக்கியமே "டைவ் பண்ணேன்"னு இருக்கணும். நீங்க சொல்லலைனா எங்களுக்குத் தோணாது.

15/ இதுக்கான வைத்தியம் அழுத்த அறைக்குள்ள வச்சுத் தர்ற ஆக்சிஜன். அந்த வசதி மலைமேல கிடையாது, கீழ இறங்கி பெரிய நகரத்துக்கு ஓடணும். "ஏதாவது ஆச்சுன்னா பார்த்துக்கலாம்"னு சொல்றவங்ககிட்ட ஒரே கேள்வி: எங்க வச்சுப் பார்ப்பீங்க?

16/ இப்ப என் இனத்துக்காரங்களுக்கு. ஸ்டெதாஸ்கோப் வச்சு ரெண்டு நிமிஷத்துல "ஃபிட்"னு கையெழுத்துப் போடுற டாக்டர்களே, ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், முன்னாடி நுரையீரல்ல காத்து கசிஞ்ச கதை, காது ஆபரேஷன் எல்லாம் கேட்டீங்களா? பிரஷர் இருக்கிறவங்களுக்குக் குளிர்ந்த தண்ணியில நுரையீரல்ல நீர் கோத்து, இருமி, நுரை தள்ளலாம். அந்தக் கையெழுத்து சலுகை இல்ல, பொறுப்பு.

17/ பணம் கட்டுறவங்க நாலு கேள்வி கேளுங்க. இந்த உயரத்துக்குப் பயிற்சி எடுத்தவர் யாரு? ஆக்சிஜன் சிலிண்டர் எங்க, காட்டுங்க. இந்தத் தண்ணிக் குளிருக்கு எந்தத் தடிமன்ல வெட்சூட்? ஒரு ஆளுக்கு ஏதாவது ஆனா எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி நேரம்? பதில் தடுமாறினா அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லனு கிளம்பிடுங்க.

18/ தடை பண்ணச் சொல்லி நான் கேட்கல. நம்ம பசங்க டைவ் மாஸ்டரா வரணும், மலை ஏரியிலயும் இறங்கணும்னுதான் ஆசை. முறையாப் படிச்சு இறங்கட்டும். "எனக்கு நீச்சல் தெரியும்"ங்கிறது அந்தப் படிப்புக்கான அட்மிஷன், சர்டிபிகேட் இல்ல.

19/ இந்த வாரம் பாண்டிச்சேரி போற நண்பர் யாராவது இருந்தா அவர் குரூப்ல இதைப் போடுங்க. முழுசாப் படிக்க மாட்டாங்கன்னா ரெண்டு வரி போதும்: சிலிண்டர் காத்துல மூச்சை அடக்காதே. டைவ் முடிஞ்ச அன்னிக்கு மலை ஏறாதே.