கையில் துப்பாக்கி இல்லாத ஆட்டங்கள்

தொலைக்காட்சி விவாதம் ஆகட்டும், கல்யாண வீட்டுத் திண்ணை ஆகட்டும், வீடியோ கேம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே தீர்ப்புதான். கேம் என்றால் சுடுவதும் கொல்வதும். மூளைக்கு அங்கே வேலை இல்லை, கதை கிடையாது, பணமும் நேரமும் பாழ், நம் வாழ்க்கைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அண்மையில் நான் விளையாடி முடித்த நான்கு ஆட்டங்களை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பை மறுக்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்த மாநிலம் இது. 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது அதனால்தான். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பணம் கட்டி ஆடுவதற்குப் பெயர் சூது. சீட்டுக்கட்டு செல்போனுக்குள் போய்விட்டதால் அது வேறொன்றாகிவிடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமும் பணம் வைத்து ஆடுபவற்றைத் தனியே பிரித்துத்தான் தடை செய்தது. நான் பேசும் நான்கிலும் பந்தயம் இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்குகிறோம், ஒரு நாவலைப் போல அது முடிந்தும்விடுகிறது.

நேரம் பற்றிய புகாரும் இதோடு சேர்ந்ததே. கேம் பழக்கம் நோயாக முற்றலாம் என்பதை உலக சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் விளையாடுபவர் எல்லாரையும் அந்த நிறுவனம் நோயாளி என்று சொல்லவில்லை. கட்டுப்பாடு கைநழுவிப் போயிருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும், கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் இருக்க வேண்டும், அதுவும் பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். வார இறுதியில் இரண்டு மணி நேரம் விளையாடும் பையனை இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

அடுத்தது கொலை வெறி. 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற ஆட்டத்தை வார்சாவின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்டது. போர்தான் கதைக்களம்; ஆனால் நாம் சிப்பாய் இல்லை. முற்றுகையிடப்பட்ட நகரில், இடிந்த வீடொன்றில் ஒண்டிக்கொண்டிருக்கும் சாதாரண மக்கள். ஒருவர் சமையல்காரர், ஒருவர் கால்பந்து வீரர், ஒருவர் நிருபர். சரயேவோ முற்றுகையில் மக்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்த ஆட்டம் இது. பகலில் அடுப்பு மூட்டுவோம், இரவில் ஒருவர் வெளியே போய் உணவும் மருந்தும் தேடி வர வேண்டும். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள். அவர்களிடம் சாப்பாடு இருக்கிறது, எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. எடுத்துக்கொண்டு வந்தால் தடுப்பார் யாருமில்லை. ஆனால் மறுநாள் காலையில் நம் வீட்டு ஆட்கள் பேச்சற்றுப் போகிறார்கள், சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆட்டம் நம்மைத் திட்டுவதில்லை, அந்த முகங்களைக் காட்டுகிறது, அவ்வளவே. போர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இது உதவும் என்று போலந்து அரசே நம்பி, 2020இல் மேல்நிலைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதாக அறிவித்தது.

கேமுக்குக் கதை சொல்லத் தெரியாது என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் குற்றச்சாட்டு. லூகாஸ் போப் 2013இல் தனியாளாக உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தை அதற்குப் பதிலாக வைக்கிறேன். ஆண்டு 1982. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஒரு குமாஸ்தா. பாஸ்போர்ட்டை வாங்கு, தேதியைப் பார், முகத்தைப் பார், முத்திரையைக் குத்து. சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும் கூலி. இரண்டு தவறு வரை எச்சரிக்கை, அதற்கு மேல் அன்றைய கூலியில் பிடித்தம். மாலையில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு என்று கணக்குப் போட வேண்டும். பணம் பற்றாவிட்டால் மகனோ மாமியாரோ நோயில் விழுவார்கள்.

ஒருநாள் வரிசையில் ஒரு கணவர் வருகிறார். காகிதங்கள் சரி. உள்ளே போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் இரக்கம் காட்டுங்கள் என்கிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அப்போது சுட்டி என் கையில், பச்சை முத்திரையும் சிவப்பு முத்திரையும் என் முன்னால். இதே காட்சி சினிமாவில் வந்தால் அந்த அதிகாரியின் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இங்கே அதிகாரி நான். இரக்கத்துக்கு ஒரு விலை உண்டு, அதை மாலையில் என் வீட்டுச் சாப்பாட்டில் கழிப்பார்கள். உள்ளே விட்டேன், உடனே எச்சரிக்கைச் சீட்டு வந்தது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு ஏழை முகத்தையும் எத்தனை எச்சரிக்கை மிச்சம் என்ற கணக்கோடுதான் பார்த்தேன். நல்ல மனிதர்கள் அரசு மேசைக்குப் பின்னால் எப்படி இறுகிப்போகிறார்கள் என்பதை எந்த எழுத்தும் எனக்கு இவ்வளவு நெருக்கத்தில் காட்டியதில்லை.

மூளைக்கு வேலை இல்லை என்பவர்களுக்கு அதே போப்பின் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) போதும். கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக, 1807இல் ஆளில்லாமல் திரும்பிவந்த ஒரு கப்பலில் ஏறுகிறோம். அதில் இருந்த 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். படுக்கும் தூளியின் எண், காலணி, பேச்சின் தொனி என்று சின்னச் சின்னத் தடயங்கள்தான் துணை. மூவருடைய முடிவைச் சரியாக எழுதினால்தான் சரி என்று ஆட்டம் ஒப்புக்கொள்ளும். குத்துமதிப்பாகத் தப்பிக்க இடம் கொடுக்காது.

கடைசியாக, நமக்கும் இதற்கும் உறவில்லை என்ற பேச்சு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் கொண்டுவந்த 'வெண்பா' 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது; விடுபட்டதை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று நாம்தான் சமைக்க வேண்டும். மகன் வளர வளரத் தமிழும் வீட்டுச் சாப்பாடும் அவனிடமிருந்து விலகுகின்றன. இது 2024இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதையும் பெற்றது.

கேம் என்றாலே முகம் சுளிக்கும் என் அம்மாவிடம் இதைக் கொடுத்தேன். இட்லித் தட்டை அடுக்கும் இடம் வந்ததும் என்னைக் கேட்காமலே அடுக்கினார். புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் மாறிமாறிப் போட வேண்டிய இடத்தில், "மாவு இன்னும் கொஞ்சம் பிசிறணும், இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று வெண்பாவோடு சண்டைக்குப் போனார். கவின் அம்மாவுக்குச் சரியாகப் பதில் சொல்லாத காட்சியில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இந்தப் பையன் கடைசியில திரும்பி வருவானா, மாட்டானா? அதை மட்டும் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. விளையாடிப் பார்க்கச் சொன்னேன்.