பழைய கெய்ரோவின் பழந்தாள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அரசர்களின் சாசனங்களில் மட்டுமே தேடுவோர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூல்நிலையத்திலுள்ள கெனிசா சேகரத்தை அவசியம் அறிய வேண்டும். இறைவன் நாமம் இருக்கக்கூடிய தாள் எதையும் எறியலாகாது என்ற யூத சம்பிரதாயத்தால், பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயத்தில் கெனிசா எனப்படும் அறையொன்றில் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்தவற்றுள் சுமார் 1,93,000 துண்டுகளை, 1896-97 குளிர்காலத்தில் அங்கு சென்ற சாலமன் ஷெக்டர் என்ற பண்டிதர் கொண்டுவந்து சேர்த்தார். அத்துண்டுகளிலுள்ள விவாக ஒப்பந்தங்களில் மணமகளின் சீர்வரிசை பொருளுக்குப் பொருள் விலையோடு குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு வாடகைக் கணக்கும், பிள்ளைகள் எழுத்துப் பழகிய ஏடும், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதப் போக்குவரத்தும் அவற்றோடு இருக்கின்றன. ராஜசபைச் சரித்திரக்காரர் எவர் இவற்றை எழுதிவைப்பார்? இவற்றின் படங்கள் இணையத்தில் கிடைப்பதால், தங்கள் பத்திரிகை சிலவற்றையேனும் தமிழாக்கி, தக்க விளக்கத்தோடு வெளியிட வேண்டுமெனப் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்