காம்பு உள்ளடங்கியிருந்தாலும் தாய்ப்பால் கைகூடும்

கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் தாய்மார்களில் சிலர், எல்லாம் கேட்டு முடித்தபின் குரலைத் தாழ்த்தி ஒன்றைக் கேட்பார்கள்: "மார்புக் காம்பு உள்ளடங்கியிருக்கிறது; என்னால் பால் கொடுக்க முடியுமா?" பெரும்பாலோரால் முடியும் என்பதே எங்கள் பதில். ஆனால், அதற்கான ஆயத்தம் காம்பை இழுத்துவிடுவதன்று என்பது எங்கள் உறுதியான கருத்து.

கர்ப்பகாலத்தில் விரல்களால் காம்பை இழுக்கும் ஹாஃப்மன் பயிற்சியும், உள்ளாடைக்குள் அணியும் மார்பு ஓடும் நெடுநாள் பரிந்துரைக்கப்பட்டவை. 1992இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இவற்றால் பயன் இல்லை எனக் காட்டியது. ஓடு அணியச் சொல்லப்பட்டவர்களுள் ஆறாவது வாரத்தில் பால் கொடுத்தோர் குறைவாகவே இருந்தனர். குறைப்பிரசவ அபாயம் உள்ளவர்கள் காம்பைத் தூண்டவே கூடாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யலாம்.

குழந்தை காம்பை மட்டும் சப்புவதில்லை. சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வியே பால் குடிக்கிறது. எனவே, உண்மையான ஆயத்தம் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மணிநேரத்தில் தொடங்குகிறது. குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கிடத்துங்கள். அது கவ்வத் திணறினால் செவிலியரை அழையுங்கள். 20 மி.லி. சிரிஞ்சின் ஊசி பொருத்தும் முனையை வெட்டி, உந்துதண்டை அந்தப் பக்கமாகச் செருகி, மழமழப்பான மறுமுனையைக் காம்பின்மேல் வைத்து மெல்ல இழுக்கும் எளிய முறையை அவர் கற்றுத்தருவார். பாலூட்டுவதற்குச் சற்று முன், வலி தெரியாத அளவில், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை செய்தால் போதும்.

குழந்தை கவ்வப் பழகும்வரை சீம்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையிலோ கரண்டியிலோ புகட்டலாம். புட்டி வேண்டாம், அதன் ரப்பர்க் காம்புக்குப் பழகிய குழந்தை மார்பில் கவ்வத் தடுமாறக்கூடும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். "காம்பே இல்லை, பிள்ளை எப்படிக் குடிக்கும்?" என்ற ஒரு சொல், பிரசவித்த களைப்பில் இருப்பவளின் நம்பிக்கையைக் குலைத்துவிடும். அந்நேரத்தில் அவள் முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள். அருகில் பொறுமையாக இருங்கள்.

முன்பு இயல்பாக இருந்த காம்பு புதிதாக உள்வாங்கினால் மட்டும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே உள்ளடங்கிய காம்பு நோயன்று. அதற்காக எந்தத் தாயும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.