ஓட்டு போட்டாச்சு, ஆனா கணக்கில் வருமா? அமெரிக்க பிரைமரி தேதிச் சண்டையின் கதை

2024 ஜனவரி 23. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி தேர்தல். வாக்குச்சீட்டில் 21 பெயர்கள் இருந்தன. பதவியில் இருந்த அதிபர் ஜோ பைடன் பெயர் மட்டும் இல்லை. அவருடைய ஆதரவாளர்கள் சீட்டில் இருந்த காலி இடத்தில் பேனாவால் அவர் பெயரை எழுதிவிட்டு வந்தார்கள். எண்ணி முடித்தபோது சுமார் 64 சதவீத வாக்குகளுடன் பைடன்தான் முதலிடம்.

ஆனால், அந்த வெற்றியால் அன்றைக்கு அவருக்கு ஒரு டெலிகேட் கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலே 'அர்த்தமற்றது' என்று சொன்னது எதிர்க்கட்சி அல்ல, அவருடைய சொந்தக் கட்சியின் தேசியக் குழு! இதை வாக்காளர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று மாநிலக் கட்சிக்குக் கடிதமும் போனது. மக்களை ஓட்டுப் போடவிடாமல் தடுக்கும் வேலை இது, நிறுத்துங்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பதிலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு தேர்தல் தேதிக்கு இவ்வளவு ரகளையா?

<b>டெலிகேட் யார்?</b>

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவித்துவிட முடியாது. மாநிலம் மாநிலமாக பிரைமரி அல்லது காகஸ் நடக்கும். முன்னது வழக்கமான வாக்குப்பதிவு, பின்னது கட்சி நடத்தும் கூட்டம். இரண்டிலும் மக்கள் நேரடியாக வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்குகளின் அடிப்படையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் இத்தனை டெலிகேட் என்று ஒதுக்குவார்கள். இந்தக் கட்சிப் பிரதிநிதிகள் மாநாட்டில் கூடி வாக்களித்துத்தான் வேட்பாளர் முடிவாகிறார். 2024-ல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,429 டெலிகேட்கள். ஜெயிக்க 1,215 பேர் தேவை.

டெலிகேட் என்பது வெறும் எண் இல்லை, ஆள். இது 2024 ஜூலையில் பலருக்கும் புரிந்தது. பைடன் விலகினார். பிரைமரிகளில் அவருக்காகத் தேர்வான ஆயிரக்கணக்கானோர் சில நாட்களிலேயே கமலா ஹாரிஸ் பக்கம் வந்தார்கள். அந்த ஆண்டு பிரைமரியில் வேட்பாளராக நிற்காமலேயே அவர் கட்சியின் வேட்பாளரானார்.

<b>முதலில் நடந்தால் என்ன லாபம்?</b>

நிறைய. முதலில் ஓட்டுப் போடும் மாநிலத்துக்கு வேட்பாளர்கள் மாதக்கணக்கில் வருவார்கள், டீக்கடை மாதிரியான சின்ன டைனர்களில் உட்கார்ந்து கை குலுக்குவார்கள். டிவி வெளிச்சம், விளம்பரப் பணம் எல்லாம் அங்கேதான். தோற்றவர்கள் சீக்கிரமே கடையைச் சாத்திவிடுவதால், மே, ஜூனில் ஓட்டுப் போடும் மாநிலங்களுக்குப் பல சமயம் ஒரே பெயர்தான் மிஞ்சும்.

பல பத்தாண்டுகளாக இந்தச் சலுகை அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும்தான். இரண்டுமே சின்ன மாநிலங்கள், மக்களில் பெரும்பான்மை வெள்ளையர்கள். கறுப்பின வாக்காளர்களைப் பெரிதும் நம்பியிருக்கும் ஒரு கட்சி, அவர்களைக் கேட்காமலேயே ஆட்டத்தைத் தொடங்குவது சரியா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் 2023 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சி அட்டவணையை மாற்றி தென் கரோலினாவை முதலிடத்தில் வைத்தது. இதில் பைடனின் சொந்தக் கணக்கும் உண்டு. 2020-ல் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று சரிந்திருந்த அவரைத் தூக்கி நிறுத்தியது தென் கரோலினாதான். சீர்திருத்தமா, நன்றிக்கடனா என்றால், இரண்டும்தான்.

<b>சட்டமா, கட்சி விதியா?</b>

சிக்கல் இங்கேதான். தன் பிரைமரி மற்ற எந்த மாநில பிரைமரிக்கும் குறைந்தது 7 நாள் முன்னால் நடக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே வைத்திருக்கிறது. அதை மாற்றச் சொன்னது ஜனநாயகக் கட்சி. அப்போது அங்கே ஆட்சியும் சட்டமன்றமும் குடியரசுக் கட்சியின் கையில். உள்ளூர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நினைத்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது.

அப்படியானால் சட்டம்தானே ஜெயிக்க வேண்டும்? தேதியைப் பொறுத்தவரை ஆமாம். டெலிகேட் விஷயத்தில் இல்லை. 1981-ல் விஸ்கான்சின் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மாநிலம் தன் விருப்பப்படி பிரைமரி நடத்தலாம். ஆனால், கட்சி விதிக்கு மாறாகத் தேர்வானவர்களை மாநாட்டில் ஏற்றுக்கொள்ளும்படி கட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது. வாக்குச்சாவடி மாநிலத்தின் கையில், மாநாட்டு அரங்கின் கதவு கட்சியின் கையில். நடுவில் மாட்டிக்கொள்வது வாக்காளர்.

<b>2008: பாதி ஓட்டு வைத்தியம்</b>

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது ஒபாமா - ஹிலாரி கிளின்டன் போட்டியில். நான்கு மாநிலங்களைத் தவிர வேறு யாரும் பிப்ரவரி 5-க்கு முன் நடத்தக் கூடாது என்பது ஜனநாயகக் கட்சியின் விதி. மிச்சிகன் ஜனவரி 15-ஐயும், ஃபுளோரிடா ஜனவரி 29-ஐயும் தேர்ந்தெடுத்தன. இரண்டு மாநிலங்களின் மொத்த டெலிகேட்களையும் கட்சி ரத்து செய்தது. வேட்பாளர்கள் அங்கே பிரசாரம் செய்யவில்லை. மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தன் பெயரையே எடுத்துவிட்டார். அப்படி எடுத்தவர்களில் பைடனும் ஒருவர்!

ஹிலாரி தன் பெயரை எடுக்கவில்லை. மிச்சிகனில் அவருக்குச் சுமார் 55 சதவீதம். 'யாருக்கும் உறுதியில்லை' என்ற பெட்டிக்கு 40 சதவீதம். ஃபுளோரிடாவில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள், அங்கேயும் ஹிலாரிதான் முதலிடம். மிச்சிகன் தேர்தல் கணக்கில் வரப்போவதில்லை என்று முன்பு அவரே சொல்லியிருந்தார். போட்டி இறுகியதும் ஒவ்வொரு ஓட்டும் எண்ணப்பட வேண்டும் என்று அவர் தரப்பு குரலை மாற்றியது.

மே 31 அன்று வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் கட்சியின் விதிகள் குழு கூடியது. வெளியே போராட்டம், உள்ளே டிவி கேமராக்கள். தீர்ப்பு: இரு மாநில டெலிகேட்களும் வரலாம், ஆனால் ஆளுக்கு அரை ஓட்டு. மிச்சிகனில் ஹிலாரிக்கு 69, வாக்குச்சீட்டிலேயே இல்லாத ஒபாமாவுக்கு 59. வாக்குகளின்படி பார்த்தால் ஹிலாரிக்கு 73 வந்திருக்கும். நான்கு பேரைப் பறித்துவிட்டார்கள் என்று குழுவிலேயே கொதித்தவர் ஹிலாரியின் ஆலோசகர் ஹரால்ட் இக்கிஸ். முந்தைய ஆண்டு அந்தத் தண்டனைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவரும் அவரேதான்.

கடைசியில் என்ன ஆச்சு? ஆகஸ்ட் மாநாட்டில் இரு மாநிலங்களுக்கும் முழு ஓட்டுரிமை திரும்பக் கிடைத்தது. நியூ ஹாம்ப்ஷயருக்கும் 2024-ல் அதேதான். பிறகு கட்சியே ஒரு தேர்வு நிகழ்ச்சி நடத்த, டெலிகேட்கள் மாநாட்டில் அமர்ந்தார்கள். வேட்பாளர் முடிவான பிறகு நவம்பரில் தேவைப்படும் மாநிலத்தை யார் பகைத்துக்கொள்வார்கள்? டெலிகேட் ரத்து என்ற மிரட்டல் மாநாடு வரைக்கும் நீடிப்பதே இல்லை. வாக்காளர்கள் நிஜமாக இழப்பது வேறு. வேட்பாளர் தங்கள் ஊருக்கு வந்து கேள்விக்குப் பதில் சொல்லும் அந்தச் சில மாதங்களை இழக்கிறார்கள். அதை எந்தக் குழுவும் திருப்பித் தர முடியாது.

<b>குடியரசுக் கட்சியில்?</b>

தண்டனை இன்னும் கடுமை. அவசரப்படும் பெரிய மாநிலத்துக்கு 12 டெலிகேட்தான் மிஞ்சும். மிச்சிகன் அரசு 2024 பிரைமரியை பிப்ரவரி 27-க்கு மாற்றியபோது அங்கிருந்த குடியரசுக் கட்சி இந்தப் பயத்தில் ஒரு வழி கண்டுபிடித்தது. பிரைமரி மூலம் 16 பேர்; மீதி 39 பேர் மார்ச் 2 கட்சிக் கூட்டத்தில். அதாவது, லட்சக்கணக்கானோர் போட்ட ஓட்டைவிட கட்சிக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் மதிப்பு.

நெவாடா இன்னும் சுவாரஸ்யம். அரசு பிப்ரவரி 6-ல் பிரைமரி நடத்தியது. டெலிகேட் எல்லாம் நாங்கள் 8-ம் தேதி நடத்தும் காகஸில்தான் என்றது குடியரசுக் கட்சி. டிரம்ப் காகஸுக்குப் போனார், 26 டெலிகேட்களையும் அள்ளினார். பிரைமரியில் நின்ற நிக்கி ஹேலி, 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்ற தேர்விடம் தோற்றார். ஜெயித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

<b>2028-ல் என்ன நடக்கும்?</b>

ஜனநாயகக் கட்சி அட்டவணையை மறுபடி முதலிலிருந்து பேச ஆரம்பித்திருக்கிறது. பைடன் இல்லாத நிலையில் தென் கரோலினாவின் முதலிடம் தானாகத் தொடரும் என்று சொல்ல முடியாது. நெவாடாவும் முதலிடத்துக்கு அடிபோடுகிறது. கட்சி யாரைத் தேர்ந்தெடுத்தாலும் நியூ ஹாம்ப்ஷயரின் 7 நாள் சட்டம் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தும் அதிகாரம் கட்சியின் விதிகள் குழுவுக்குக் கிடையாது.